இருபத்திரண்டு கம்பளிகள்

காமக்காபட்டி சோதனைச் சாவடியில் அந்த வேன் நின்றபோது மணி ஏழரை. ஓட்டுநர் கைப்பேசியை நீட்டினார். பணியாளர் இ-பாஸைச் சரிபார்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்து, "தண்ணி பாட்டில் இருக்கா?" என்றார். பின்வரிசையில் இரண்டு பேர் இருக்கைக்கு அடியில் குனிந்தார்கள். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில் என்றால் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி. இருந்த தண்ணீரை எவர்சில்வர் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு, காலி பாட்டில்களை அங்கேயே தொட்டியில் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

வேனில் இருந்தவர்கள் பெரியகுளம் பக்கத்துக் கிராம சபை ஒன்றைச் சேர்ந்தவர்கள். பெரும்பாலும் தோட்ட வேலைக்குப் போகிற குடும்பங்கள். வீட்டு முற்றத்தில் நின்றாலே வடக்கே அந்த மலை தெரியும். பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தும் மேலே ஏறாதவர்கள் அந்த வேனில் ஒன்பது பேர். மேலே அவர்களுக்காகக் காத்திருந்தது விடுதி அறை இல்லை, ஒரு குருமனை. ஆறு வருஷம் அவர்கள் ஊரில் ஊழியம் செய்துவிட்டு, மாற்றலாகிக் கொடைக்கானலுக்குப் போன ஆயர் குடும்பம் அங்கே இருந்தது. கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்திருந்த ஆயரம்மா, "மே மாசம் எல்லாரும் வாங்க, நான் பாய் விரிச்சு வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஏதோ பேச்சுக்குச் சொன்னது என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆயரம்மா அப்படிச் சொல்கிறவரும் இல்லை.

இது 2025 கோடை. கூட்டம் தாங்காமல் மலை திணறியதால், உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து எண்ணிக்கையும் வந்துவிட்டது. கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000. சபை இளைஞர்கள் அதற்காகவே செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

டம் டம் பாறை வளைவில் எல்லோரும் இறங்கினார்கள். எதிர்மலையில் எலிவால் அருவி என்கிற தலையாறு அருவி, 297 மீட்டர் உயரத்திலிருந்து, மே மாதத்து மெலிவோடு ஒரு வெள்ளை நூல் போல இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு குழந்தைகளுக்கு வாந்தி. எலுமிச்சம்பழம் கைமாறியது. ஊத்து, பெருமாள்மலை என்று வண்டி ஏற ஏறச் சன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. வெள்ளி நீர்வீழ்ச்சியைத் தாண்டியதும், முன் இருக்கையில் அதுவரை வாய் திறக்காமல் வந்த பெரியவர் ஓட்டுநரின் தோளைத் தொட்டார். எழுபத்தெட்டு வயது.

"செண்பகனூர்ல ஒரு நிமிஷம் நிறுத்துவீங்களா, தம்பி?"

அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று ஓட்டுநருக்குப் புரியவில்லை. பெரியவர் இறங்கி, சாலையோரத்தில் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு நின்றார். பள்ளத்தைப் பார்த்தார். பிறகு மேட்டைப் பார்த்தார். "எங்க தாத்தா துரைமாரத் தூக்கிக்கிட்டு இதுவரைக்கும் வந்திருக்காரு. நாற்காலில உக்கார வெச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வண்டியில் ஏறிக்கொண்டார்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் கொடைக்கானலின் முதல் நூறாண்டு இருக்கிறது. பழனி மலையின் இந்தப் பகுதியை லெப்டினன்ட் வார்டு 1821இல் அளந்து எழுதினார். ஆனால் இதைக் குடும்பங்கள் தங்கும் ஊராக ஆக்கியவர்கள் மதுரையிலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிகள். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனிலிருந்து கிளைத்து 1834இல் மதுரையில் தொடங்கிய மிஷன் அது. சமவெளியின் காலராவும் காய்ச்சலும் அவர்கள் வீடுகளில் பெரியவர்களையும் பிள்ளைகளையும் வாரிக்கொண்டு போயின. பிழைத்திருக்க ஓர் இடம் தேடித்தான் மலை ஏறினார்கள். 1845இல் ஸன்னிசைட், ஷெல்ட்டன் என்று இரண்டு பங்களாக்கள் எழும்பின. தமிழ்நாட்டின் மற்றப் பெரிய மலை ஊர்களைப் போல அதிகாரிகள் தொடங்கி வைத்த ஊர் இல்லை இது. திருச்சபைக் குடும்பங்களின் கோடை விடுமுறையிலிருந்து வளர்ந்த ஊர்.

அந்த விடுமுறைக்குப் போகும் வழி சுலபமாக இல்லை. 1875இல் ரயில் வந்த பிறகும் அம்மையநாயக்கனூரில் இறங்கி, அதாவது இன்றைய கொடை ரோடு நிலையத்தில், மாட்டுவண்டியில் இரவெல்லாம் குலுங்கி, பெரியகுளத்துக்கு அருகே கிருஷ்ணம நாயக்கன் தோப்புக்கு வரவேண்டும். அங்கிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதை. ஆண்கள் மட்டக்குதிரையில் ஏறினார்கள், அல்லது நடந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் நோயாளிகளும் நாற்காலியிலோ டோலியிலோ போனார்கள். பெட்டி, படுக்கை, பாத்திரம், மாவு மூட்டை எல்லாம் தலைச்சுமை. சுமந்தவர்கள் அடிவாரத்து ஊர்களின் மனிதர்கள். மோட்டார் வண்டி ஏறக்கூடிய மலைச்சாலை 1910களில்தான் திறந்தது. அதுவரை கொடைக்கானலுக்கு வந்த பியானோவிலிருந்து பீங்கான் கோப்பை வரை எல்லாமே யாரோ ஒருவரின் தோளில் வந்தவை.

மிஷனரிகள் தங்களைப் பற்றி நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள். மலைக்காற்று, முதல் நெருப்பு, குழந்தைகளின் கன்னத்தில் ஏறிய சிவப்பு எல்லாம் கடிதங்களில் இருக்கின்றன. சுமந்தவர்களின் பக்கத்துக் கதை எழுத்தில் ஏறவில்லை. பெரியகுளம் பக்கத்து வீடுகளில், பெரியவர் செண்பகனூரில் சொன்னது போல, ஒரு வரியாகவும் இரண்டு வரியாகவும் தங்கியிருக்கிறது. அது காணாமல் போவதற்குள் யாராவது உட்கார்ந்து கேட்டு எழுதவேண்டும்.

குருமனை வாசலில் ஆயரும் ஆயரம்மாவும் பிள்ளைகளும் நின்றிருந்தார்கள். "ஸ்தோத்திரம் ஐயா, ஸ்தோத்திரம் அம்மா" என்று ஒவ்வொருவராக இறங்க, ஆயரின் அம்மா உள்ளிருந்தே, "செருப்பக் கழட்டாதீங்க, தரை சில்லுனு இருக்கும்" என்று குரல் கொடுத்தார். பிள்ளைகள் அப்பத்தா என்று கூப்பிடும் அந்த அம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல். யார் வந்தாலும் முதல் காபி அவர் கையால்தான்.

வீடு பழைய கல் வீடு. மூன்று அறை, ஒரு கூடம், பின்கட்டில் சமையலறை. சமையலறைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் ஏப்ரல், மே மாதங்களின் கட்டங்களுக்குள் ஆயரம்மாவின் பொடி எழுத்து. ஈஸ்டர் ஏப்ரல் 20ஆம் தேதி முடிந்த கையோடு ஆயரம்மாவின் தம்பி குடும்பம். அடுத்து, விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்த வந்த ஆறு இளைஞர்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியிலிருந்து நான்கு மாணவர்கள். பிறகு பெரியகுளத்து வேன். அவர்கள் போன மறுநாள், ராமநாதபுரம் பக்கத்திலிருந்து இரண்டு ஆயர் குடும்பங்கள், பிள்ளைகளோடு. நடுவே பெயர் எழுதாத கட்டங்கள் நாலைந்து இருந்தன. "அது சொல்லாம வர்றவங்களுக்கு" என்றாள் மகள்.

பதினோராம் வகுப்பு முடித்தவள் அவள். அந்த வீட்டின் கோடை நிர்வாகம் பாதி அவள் கையில். கம்பளிகள் மொத்தம் இருபத்திரண்டு. சிலது முன்பிருந்த ஆயர் விட்டுப்போனவை, மிச்சம் மூன்று வருஷமாக ஒவ்வொன்றாக வாங்கியவை. ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு நூலால் எண் தைத்திருந்தாள். வந்தவர்களுக்கு எண் சொல்லித்தான் கம்பளி கொடுப்பாள். பெரியவருக்குப் பதினேழாம் எண். இருப்பதிலேயே கனமானது அதுதான்.

வெந்நீர் இன்னொரு கணக்கு. பின்கட்டில் செம்பு பாய்லர், அதற்குச் சீகை விறகு. ஆளுக்கு ஒரு வாளி. மே மாதத்தில் கொடைக்கானல் வீடுகளில் தண்ணீர்தான் முதல் கவலை. குழாயில் வருகிற நாளில் டிரம்களை நிரப்பி வைக்கவேண்டும், தீர்ந்தால் லாரித் தண்ணீர். மழை கொட்டுகிற மலையில் தண்ணீர்ப் பஞ்சமா என்று வேனில் வந்த ஒரு பெண் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான பதில் இரண்டு நாள் கழித்து வட்டக்கானல் பாதையில் கிடைத்தது.

அன்று இரவு கூடத்தில் பாய்கள் விரிந்தன. ரசத்தில் தட்டிப்போட்ட மலைப்பூண்டின் மணம் வீடு முழுக்க. சாப்பாடு முடிந்து தட்டு கழுவ ஆண்கள் எழுந்தபோது பெண்கள் சிலர் தடுத்தார்கள். ஆயர், "இந்த வீட்டுல தட்டுக் கழுவுறது ஆம்பளைங்க வேலை. என்னையும் சேத்துத்தான்" என்று சொல்லி முதல் ஆளாகக் குழாயடியில் உட்கார்ந்தார். ஐஸ் போன்ற தண்ணீரில் அறுபது பாத்திரங்கள். குருமனைகளின் விருந்தோம்பலைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் அந்தக் குழாயடியைப் பார்ப்பதில்லை. ஒரு கோடை முழுக்க அது ஒரே பெண்ணின் கையில் விழுந்தால் அவர் உடம்பு என்னாகும் என்பதை இந்த வீடு முதல் வருஷத்திலேயே அனுபவித்துத் தெரிந்துகொண்டிருந்தது. ஆயரம்மா அப்போது பத்து நாள் படுத்துவிட்டார். அதற்குப் பிறகு வந்த ஏற்பாடுதான் இது.

இரவு பத்து மணிக்கு வாசலில் ஏதோ மூச்சுவிடும் சத்தம். மகன் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரையும் சன்னலுக்குக் கூப்பிட்டான். வேலிக்கு அப்பால் காட்டுமாடு ஒன்று, கரிய மலைத்துண்டு போல, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளைக் காலுறை போட்டது போல நின்று தோட்டத்துச் செடியை மென்றுகொண்டிருந்தது. இருபது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அது தின்று முடித்துத் தன் வழியே போன பிறகுதான் ஒரு குழந்தை தும்மியது.

மறுநாள் கோக்கர்ஸ் வாக். லெப்டினன்ட் கோக்கர் 1872இல் அமைத்த, மலை விளிம்பை ஒட்டிய ஒரு கிலோமீட்டர் நடைபாதை. காலையில் போனால் சமவெளி தெரியும் என்று சொல்லித்தான் ஆயர் அழைத்துப்போனார். ஆனால் பஞ்சுப்பொதி போல மூடுபனி. எதிரே கம்பி வேலிகூடத் தெரியவில்லை. பெரியவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க போங்க, நான் இருக்கேன்." மற்றவர்கள் மக்காச்சோளம் வாங்கித் தின்று, படம் எடுத்துத் திரும்பி வர முக்கால் மணி நேரம். அவர் அதே இடத்தில் இருந்தார். அப்போதுதான் பனி கலைந்தது. திரை விலகுவது போல இல்லை. ஒரு ஓட்டை விழுந்து, அது அகன்று, அதன் அடியில் ஒரு கண்மாய் பளபளத்தது. பிறகு இன்னொன்று. தென்னந்தோப்புகளின் கருநீலத் திட்டு. பெரியவர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தா, அதான் பெரியகுளம். அதுக்கு இந்தப் பக்கம் நம்ம ஊரு." விரல் நடுங்காமல் நீண்டது. "மேல இருந்து பாத்தா இவ்வளவுதானா?"

அன்று மாலையும் மகன் சிறுவர்களைத் திரும்ப அங்கே கூட்டிப்போனான். அவனிடம் ஒரு ரகசியம் இருந்தது. வெயில் முதுகுப் பக்கம் சாய்ந்திருந்து, பள்ளத்தில் மேகம் கெட்டியாக நின்றால், நம் நிழலே பெரிதாக அந்த மேகத்தின்மேல் விழும், தலையைச் சுற்றி வானவில் வட்டத்தோடு. ப்ரோக்கன் நிழல் என்று பெயர். நாலு நாளில் ஒரே ஒரு முறை, அதுவும் ஒரு நிமிடம் போலத்தான் அது கிடைத்தது. பார்த்தது மூன்று சிறுவர்கள். மற்றவர்கள் நம்பவில்லை.

வியாழக்கிழமை இளைஞர்கள் வட்டக்கானல் வழியாக டால்ஃபின் மூக்குக்கு இறங்கினார்கள். மகள் முன்னால் நடந்தாள். வழியில் பாம்பார் சோலையின் ஓரம் வந்ததும் நின்று, எல்லோரையும் கீழே கிடந்த இலைச்சருகில் கை வைக்கச் சொன்னாள். மே மாதத்திலும் அடிப்பக்கம் ஈரம். பாசி படர்ந்த குட்டை மரங்கள், அவற்றின் மேல் ஆர்க்கிட் செடிகள், எங்கோ கீழே தண்ணீர் ஒழுகும் சத்தம். பழனி மலையின் உச்சி இப்படித்தான் இருந்தது. பள்ளங்களில் சோலை, மேடுகளில் புல்வெளி. இரண்டும் சேர்ந்து மழையைக் குடித்து வைத்திருந்து கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டன. புல்வெளிகளை வெற்று நிலம் என்று நினைத்து, வெளிநாட்டுச் சீகையையும் பைனையும் யூகலிப்டஸையும் ஏக்கர் ஏக்கராக நட்டார்கள். பயணிகள் படம் எடுக்க வரிசையில் நிற்கும் பைன் காடு அப்படி வந்ததுதான். அதன் தரையில் ஊசிச் சருகைத் தவிர ஏதும் பெரிதாக முளைப்பதில்லை. குழாயில் தண்ணீர் வராததற்குக் கூட்டமும் கட்டடங்களும் காரணம்தான். ஆனால் ஊற்றுகள் மெலிந்ததையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். முதல் நாள் கேள்வி கேட்ட பெண் குனிந்து இன்னொரு முறை சருகைத் தொட்டுப் பார்த்தார்.

டால்ஃபின் மூக்குப் பாறையிலிருந்து பாதை முடிவதில்லை. அது இன்னும் கீழே வெள்ளகவிக்கு இறங்கி, கும்பக்கரை அருவி வழியாகப் பெரியகுளத்துக்குப் போகிறது. வெள்ளகவி நெடுங்காலமாகக் கால்நடையாக மட்டுமே போய்வந்த ஊர். ஊர் எல்லைக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. இளைஞர்களில் இரண்டு பேர் அப்படியே நடந்து வீட்டுக்கே இறங்கிவிடலாம் என்று துடித்தார்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் முடியாது என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். திரும்பி மேலே ஏறும்போது அவர்களுக்கு நாக்குத் தள்ளியது. வெறுங்கையோடு ஏறுவதே இப்படி என்றால் நாற்காலியில் ஓர் ஆளை வைத்துக்கொண்டு எப்படி ஏறினார்கள் என்று ஒருவன் கேட்டான். பதில் சொல்ல யாருக்கும் மூச்சு இல்லை.

குணா குகையைப் பார்த்தே ஆகவேண்டும் என்பது இளைஞர்களின் அடுத்த கோரிக்கை. 1821இலேயே வார்டின் குறிப்பில் வந்த இடம். 1991இல் 'குணா' படம் பெயரைக் கொடுத்தது, 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' மறுபடியும் கூட்டத்தைக் கொண்டுவந்தது. கம்பி வேலிக்கு இப்பால் நின்று பார்த்துவிட்டு, தூண் பாறைகளில் மேகம் ஏறி இறங்குவதைக் கொஞ்சம் வேடிக்கை பார்த்துவிட்டு வந்தார்கள். கூட்டத்தில் அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

சூரிய ஆய்வகம்தான் எதிர்பாராத விதமாகப் பிடித்துப்போயிற்று. தாது வருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 1878 வரை, மழை பொய்த்து தென்னிந்தியா லட்சக்கணக்கில் உயிர்களை இழந்தது. பருவமழைக்கும் சூரியனின் மாற்றங்களுக்கும் தொடர்பு இருக்குமோ என்ற கேள்வியும் அந்தப் பஞ்சத்திலிருந்து வலுப்பெற்றது. தூசியில்லாத உயரத்தில் சூரியனை நாள்தோறும் பார்க்க ஓர் இடம் வேண்டுமென்று 1899இல் இங்கே வேலை தொடங்கியது. 1901 முதல் பதிவுகள் இருக்கின்றன. சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிப்புறமாக ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டுபிடித்தது இந்த மலையில்தான். ஆயர் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது பெரியவர் குறுக்கிட்டு, தாது வருஷத்தில் தங்கள் ஊரில் கற்றாழைக் கிழங்கை அவித்துத் தின்றதாகத் தாத்தா சொல்வார் என்றார். அவருடைய தாத்தாவுக்கும் அது கேள்விப்பட்ட கதைதான். சூரியனின் பழைய படங்களுக்கு முன்னால் நின்று எல்லோரும் அதைக் கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை, அந்தக் கோடையின் மிக நல்ல நாள். பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் போனார்கள். சபையார் ஒருவரின் ஜீப்பும் வேனும். நகரத்திலிருந்து பதினெட்டு கிலோமீட்டரில் பூம்பாறை, பள்ளத்தாக்கின் சரிவில் படிப்படியாக வெட்டிய வயல்களுக்கு நடுவே, தகரக் கூரைகளை நெருக்கி அடுக்கியது போல ஓர் ஊர். குழந்தை வேலப்பர் கோயில் இங்கேதான். போகர் நவபாஷாணத்தில் செய்த சிலை என்பது ஊரின் நம்பிக்கை. படிவயல்களில் கேரட், உருளை, பூண்டு. ஒரு வீட்டின் அம்மா, கேட்காமலேயே எல்லோரையும் உள்ளே கூப்பிட்டுத் தம் சமையலறையைக் காட்டினார். அடுப்புக்கு மேலே, கூரைக்கடியில், புகைபடும்படி கட்டித் தொங்கும் பூண்டுக் கொத்துகள். விதைக்கு வைத்தவை. புகை பட்டால் கெடாது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு. "அது என்னமோ சர்டிபிகேட்டு குடுத்தாங்களாம். நாங்க எப்பவும் போலத்தான் போடுறோம்" என்றார். விலைபேசி ஆளுக்கு அரைக்கிலோ வாங்கிக்கொண்டார்கள். அந்த அம்மா ஆயரம்மாவின் பையில் மட்டும் ஒரு பிடி சேர்த்துப் போட்டார்.

மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டுப் பண்ணை. பச்சைச் சரிவில், மேகத்தின் நிழல் நகர நகர, மந்தை ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. கீழே அவர்கள் ஊரில் ஆடு இல்லாத வீடு குறைவு. ஆனால் அவை வெயிலுக்கு ஏற்ற, உடம்பில் கம்பளி இல்லாத ஆடுகள். ஏழு வயதுப் பையன் ஒருவன் வேலியில் தொற்றிக்கொண்டு, அந்தச் சுருள் ரோமத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டு ஆயரிடம் திரும்பினான்.

"ஐயா, ஞாயிறு பள்ளிப் படத்துல நல்ல மேய்ப்பன் தோள்ல கிடக்குமே, அந்த ஆடா இது?"

ஆயர் பதில் சொல்வதற்குள் பெரியவர், "அதேதாண்டா. உனக்கு ராத்திரி போத்திவிட்டாங்கல்ல, அது இதோட முதுகுலருந்துதான்" என்றார். பையனுக்கு அது பெரிய செய்தி. பண்ணையாள் அனுமதித்து, ஒரு குட்டியின் முதுகில் கை வைக்க விட்டார். விரல்கள் உள்ளே புதைந்தன. இத்தனை வருஷம் தொண்ணூற்றொன்பது ஆடுகளைப் பற்றிப் பிரசங்கம் பண்ணியிருக்கிறேன், கேட்டவர்கள் மனதில் எந்த ஆட்டை நினைத்துக்கொண்டார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை என்று ஆயர் திரும்பும் வழியில் சொல்லிக்கொண்டே வந்தார்.

சனிக்கிழமை மாலை கிளம்பவேண்டியவர்கள் ஞாயிறு ஆராதனையையும் முடித்துப் போவதென்று முடிவானது. கொடைக்கானல் கோயில்களில் மே மாதத்து ஞாயிறு தனி அழகு. சென்னை, மதுரை, நெல்லை, கேரளம் என்று பல ஊர்ச் சபையாரும் உள்ளூர்த் தொழிலாளர் குடும்பங்களும் ஒரே பெஞ்சில் நெருங்கி உட்கார்வார்கள். பெரியகுளத்துக்காரர்கள் கீர்த்தனை ஒன்று பாட எழுந்தார்கள். ஆர்மோனியம் இல்லை, ஒரே ஒரு கஞ்சிரா. தமிழ்ச் சபைகள் இன்றும் பாடும் கீர்த்தனைகள் புத்தகமானதிலும் மதுரை மிஷனுக்குப் பங்குண்டு. எட்வர்ட் வெப் என்ற மிஷனரி, தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் பாடல்களைப் பெற்று, 1853இல் தொகுப்பாக வெளியிட்டார். அதுவரை ஐரோப்பிய மெட்டுகளே கோயிலில் ஓங்கியிருந்தன. தமிழைச் செவிகொடுத்துக் கேட்ட மனிதர்கள் அந்த மிஷனில் இருந்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் முதல் பதிப்பாசிரியர் ஜே. எஸ். சாண்ட்லரும் அங்கிருந்து வந்தவரே.

இதையும் சொல்லவேண்டும், அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றையும் சொல்லவேண்டும். அவர்கள் 1890இல் தொடங்கிய கொடைக்கானல் மிஷனரி யூனியனும், 1901இல் பதின்மூன்று பிள்ளைகளோடு தொடங்கிய பள்ளியும், டென்னிஸும் படகும் கூட்டங்களும் வெகுகாலம் வெள்ளைக் குடும்பங்களின் உலகமாகவே இருந்தன. மதுரையில் அவர்களோடு ஒரே பந்தியில் திருவிருந்து எடுத்த தமிழ்ச் சபையாருக்கு மலைமேல் கோடை விடுமுறை கிடையாது. சுமக்க வந்தார்கள், சமைக்க வந்தார்கள், பிள்ளை பார்க்க வந்தார்கள். 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, பொறுப்புகள் மெல்லக் கைமாறி, இப்போது குருமனைக் கூடத்தில் பெரியகுளத்துப் பாய்கள் விரிகின்றன.

பெரியவர் அன்று பாடவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டே கோயிலுக்கு வந்து, கடைசிப் பெஞ்சில் கண்மூடி உட்கார்ந்திருந்தார். வேன் கிளம்பும்போது அப்பத்தா அவர் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தார். பிளம்ஸ் பழம், நடுவில் நீலகிரித் தைலப் புட்டி. இரண்டு முதியவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கைகூப்பினார்கள். வண்டி திரும்பும்வரை அப்பத்தா வாசலிலேயே நின்றார்.

அன்று பகலே பாய்களை உதறி, டிரம் நிரப்பி, அரிசி மூட்டை புதிதாக இறக்கியாயிற்று. திங்கட்கிழமை காலை ராமநாதபுரத்து இரண்டு குடும்பங்கள் வந்து சேர்ந்தன. நாலு பிள்ளைகள். ஐந்து கிலோமீட்டர் ஏரியைச் சுற்றி சைக்கிள், 1863இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்சு ஓடைக்குக் கரைகட்டி உருவாக்கிய ஏரி. குறிஞ்சியாண்டவர் கோயிலுக்கும் போனார்கள். யாழ்ப்பாணத்துப் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி அம்மையார் 1936இல் கட்டிய கோயில். அங்கே பிள்ளைகள் குறிஞ்சி எப்போது பூக்கும் என்று கேட்க, 2018இல் பூத்தது, இனி 2030 என்று பதில் வந்தது. தங்களுக்கு அப்போது என்ன வயதாகும் என்று நால்வரும் விரல்விட்டு எண்ணினார்கள்.

மே கடைசி வாரத்தில் எல்லாம் நனைந்தது. அந்த வருஷம் தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் மே 24ஆம் தேதியே இறங்கிவிட்டது. பிரையன்ட் பூங்காவின் மலர்க் கண்காட்சிக்குப் போனவர்கள் குடைகளுக்கு மேலே குடைகளைத்தான் பார்த்தார்கள். விருந்தினரில் ஒருவருக்குக் காய்ச்சல், இரண்டு நாள் கூடுதலாகத் தங்கினார். பெயர் எழுதாத கட்டங்களும் நிரம்பின. ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு, தங்கும் அறை என்று இணையத்தில் பணம் கட்டி ஏமாந்த குடும்பம் ஒன்று கோயில் விளக்கைப் பார்த்துக் கதவைத் தட்டியது. அவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. கதவு திறந்த அப்பத்தா கேட்டது, "பிள்ளைக சாப்பிட்டுச்சா?"

ஜூன் 2, பள்ளிகள் திறந்தன. ஊர் ஒரே நாளில் அடங்கியது. குருமனைக் கூடம் திடீரென்று பெரிதாகத் தெரிந்தது. மழை விட்ட ஒரு பகலில் ஆயரும் மகனும் முற்றத்தில் கயிறு கட்ட, கம்பளிகள் வரிசையாக ஏறின. மகள் மூலைமூலையாக எண் பார்த்துக்கொண்டே போனாள். பதினாறுக்குப் பிறகு பதினெட்டு.

இரண்டு முறை எண்ணினாள். அலமாரி, கோயில் பெஞ்சு, வேனில் போனவர்கள் படுத்த அறை, எங்கும் இல்லை. ஆயரம்மா பெரியகுளத்துக்குப் போன் போட்டார். மறுமுனையில் பெரியவரின் மருமகள் சங்கடத்தோடு பேசினாள். அவசரத்தில் மூட்டையோடு சேர்த்துக் கட்டிவிட்டார்களாம். வந்து பார்த்த பிறகுதான் தெரிந்ததாம். கொடுத்தனுப்பவேண்டும் என்று தினமும் நினைப்பதாகவும், ஆனால் இந்த வெயிலிலும் மாமா அதைக் கட்டிலின் தலைமாட்டில் மடித்து வைத்திருப்பதாகவும் சொன்னாள்.

"இருக்கட்டும்மா, யார்கிட்டயும் குடுத்து விடாதீங்க" என்றார் ஆயரம்மா. "அடுத்த மே மாசம் அவரே எடுத்துட்டு வரட்டும்."

வைத்துவிட்டு, கயிற்றில் இருந்த பதினெட்டாம் எண்ணைத் திருப்பிப் போட்டார். மேற்கே மேகம் மறுபடியும் திரண்டுகொண்டிருந்தது.